மாயை

"வாலிபர் மாயம்" என்று நாளிதழில் செய்தி வருகிறது. அவர் இறந்துவிட்டதாக யாரும் பொருள் கொள்வதில்லை. ஆளைக் காணவில்லை, தேடுகிறார்கள், அவ்வளவுதான். மாயை என்ற சொல்லின் வேரைப் பற்றிய வழக்கும் இப்படித்தான், தேடல் இன்னும் முடியவில்லை.

ரிக் வேதத்தில் மாயா என்றால் பெரும்பாலும் வியத்தகு ஆற்றல். அளத்தலைக் குறிக்கும் 'மா' என்ற வேரிலிருந்து அது பிறந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். தமிழில் 'மாய்' என்றொரு வினை உண்டு: மறைதல், அழிதல், சாதல். "மாய்ந்து மாய்ந்து சமைத்தாள்" என்னும்போது உயிரே கரைகிற உழைப்பு கண்ணில் நிற்கிறது. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே வேரில் கட்டிவிட முடியாது.

வேரைவிடப் பொருளில் உள்ள பிளவு சுவையானது. சங்கரரின் அத்வைதத்தில் மாயையால் தோன்றும் உலகம் கயிற்றில் தெரியும் பாம்பு. சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. அங்கே மாயை உள்பொருள். உடலும் உலகமும் அதிலிருந்தே உண்டாகின்றன. ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிருக்கு அது விடியும்வரை உதவும் விளக்கு என்கிறது உமாபதி சிவத்தின் திருவருட்பயன். எவ்வளவு கனிவான உவமை! உடல் விழுந்தாலும் உயிர் அழிவதில்லை. வினை தீரும்வரை அடுத்த உடலும் அதே மாயையிலிருந்துதான் வருகிறது.