ஐந்தடிமானமும் இராமானுஜன் கண்ட உண்மையும்

கும்பகோணத்து வீடு, ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1729 இவற்றையெல்லாம் கணித மேதை இராமானுஜனின் இப்பிறந்தநாள் விழா மலரை விரிக்கும் அன்பர்கள் நன்கு அறிவர். எனவே, ஐந்தை அடிமானமாக வைத்து எழுதும்போது முழு எண்கள் காட்டும் இயல்புகளைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

ஐந்தின் பெருமை

ஐம்பூதம், ஐம்பொறி, ஐந்தொழில் என நம் மெய்யியல் ஐந்தைப் போற்றியது. திருமூலர் ஒன்பதாம் தந்திரத்தில் தூல பஞ்சாக்கரம், சூக்கும பஞ்சாக்கரம் எனத் தனித்தனியே பகுதி வகுத்தார். அத்திருவைந்தெழுத்தை இடம் மாற்றி அடுக்கினால் 120 வரிசைகள் வரும். ஐந்தடிமானத்தில் அது 440.

எண்ணின் இயல்புகள்

ஐந்தடிமான முறையில் 0 முதல் 4 வரை ஐந்தே இலக்கங்கள். வலமிருந்து இடமாக 1, 5, 25, 125, 625 என இடமதிப்பு ஏறும். இராமானுஜன் அவதரித்த 1887ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அதில் 625 மூன்று, 5 இரண்டு, 1 இரண்டு. ஆகவே 30022. இலக்கங்களைக் கூட்டினால் 7. அதை நான்கால் வகுக்க மீதி 3. 1887ஐ நான்கால் வகுத்தாலும் மீதி 3தான். 5, 25, 125 யாவும் நான்கின் மடங்கைவிட ஒன்று கூடியவை என்பதே காரணம். எண் ஒற்றையா இரட்டையா என்பதையும் இங்கே ஈற்றிலக்கம் சொல்லாது, கூட்டுத்தொகையே சொல்லும்.

1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கி, விடையை வழக்கமான பத்தடிமானத்தில் எழுதினால் ஈற்றில் எத்தனை சுழிகள்? பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தடிமானத்தில் 100 என்பது 400. இலக்கக் கூட்டுத்தொகை 4. நூறிலிருந்து அதைக் கழித்து நான்கால் வகுத்தால் 24. பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தரின் சூத்திரம் தரும் விடை இது.

இராமானுஜன் கண்டது

நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். இவ்வாறு 200 வரையுள்ள எண்களின் பிரிவினைகளின் எண்ணிக்கையை மேஜர் மக்மஹோன் கையாலேயே கணித்து அட்டவணையாக்கினார். பலர் கண்ணில் பட்ட அந்த அட்டவணையில் இராமானுஜன் ஓர் ஒழுங்கைக் கண்டு 1919இல் வெளியிட்டார். அதை ஐந்தடிமானத்தில் இப்படிச் சொல்லலாம்: 4இல் முடியும் எண்ணின் பிரிவினைகளின் எண்ணிக்கை 0இல் முடியும். 4க்கு 10, 14க்கு 110, 24க்கு 1020, 34க்கு 3430. 44இல் முடிந்தால் ஈற்றில் இரு சுழிகள்: 44க்கு 22300. 344இல் முடிந்தால் மூன்று. ஐந்தின் எல்லா அடுக்குகளுக்கும் இவ்வொழுங்கு தொடர்வதை 1938இல் வாட்சன் நிறுவினார். தம் கண்டுபிடிப்புகள் நாமகிரித் தாயாரின் அருள் என்று அம்மேதை நம்பியதில் வியப்பென்ன!

ஆசிரியப் பெருமக்களே, எண்ணையும் எழுத்தையும் கண்களாக மதித்த மரபு நம்முடையது. அவர் படத்துக்கு மாலையிடுவதோடு நின்றுவிடாதீர்கள். வகுப்பில் ஒருநாள் ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரையும் தம் பிறந்த ஆண்டை ஐந்தடிமானத்தில் எழுதச் சொல்லுங்கள். இராமானுஜனுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.