டாக்ஸிசைக்ளின்

டெட்ராசைக்ளின் வர்க்கத்தைச் சேர்ந்ததும், வாய்வழியே உட்கொள்ளப்படுவதும், 1967 முதல் வைத்தியர்களின் பிரயோகத்தில் இருந்து வருவதுமான ஆன்டிபயாடிக் மருந்து. இவ்வர்க்கத்தில் முதலாவதான ஆரியோமைசின், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டகர் என்ற தாவர சாஸ்திரியால் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1948-இல் அறிவிக்கப்பட்டது. அக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நம்மவர் போற்றத்தக்க செய்தி.

பாக்டீரியா உயிர்வாழத் தேவையான புரதங்களை அதன் ரைபோசோம்கள் இடையறாது கோத்துக்கொண்டிருக்க, அவற்றின் சிறிய பகுதியில் இம்மருந்து ஒட்டிக்கொண்டு, அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ. அங்கே பொருந்தவொட்டாமல் தடுப்பதால், கிருமியின் விருத்தி நின்றுபோகிறது. எஞ்சியதை ஒழிப்பது தேகத்தின் எதிர்ப்புச் சக்தி. நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழும் கிருமிகளையும் இது எட்டவல்லது. ஆகவேதான், சிற்றுண்ணி கடித்த இடத்தில் பீடிச் சூடு பட்டாற்போல் கறுத்த பொருக்குத் தோன்றும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலில், பென்சிலின் பயன்படாதவிடத்து இது உயிர் காக்கிறது. ஜலதோஷம், ஃப்ளூ முதலிய வைரஸ் நோய்களுக்கு இதனால் பயனில்லை.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை தரப்படும். காப்ஸ்யூலை ஒரு மடக்கு நீரில் விழுங்கி உடனே படுத்துவிடுபவருக்கு, அது உணவுக்குழாயிலேயே தங்கிக் கரைந்து அவ்விடத்தைப் புண்ணாக்கி, எச்சில் விழுங்கவும் நெஞ்சு நோகச் செய்துவிடக்கூடும். முற்றிலும் தவிர்க்கக்கூடிய துன்பமாகையால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன், உட்கார்ந்தோ நின்றோ விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காதிருத்தல் அவசியம். வயிற்றைப் புரட்டினால் ஆகாரத்துக்குப் பின் கொள்ளலாம். ஆனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும், ஜெலுசில் போன்ற அமில முறிப்பிகளும் மருந்தைக் குடலிலேயே பிணைத்து இரத்தத்தில் சேரவிடாமையால், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். மருந்துண்ணும் நாட்களில் வெயில் பட்டால் சருமம் எளிதில் கன்றிச் சிவக்கும். கர்ப்பிணிகளும், பல் நிறம் மாறக்கூடுமாகையால் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், வைத்தியர் இன்றியமையாததெனக் கண்டாலன்றி இதை உட்கொள்ளலாகாது.

ஜுரம் இறங்கியவுடன் மருந்தை நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரைகளை அடுத்த ஜுரத்துக்கென்று எடுத்துவைக்காதீர்கள். காலாவதியான டெட்ராசைக்ளின் சிறுநீரகங்களைப் பழுதாக்கியதுண்டு.