செஞ்சி வட்டாரத்தில் தொழிற்பயிற்சி நிர்வாகம்: ஒரு வரலாற்று நோக்கு

நெல்லும் மல்லாட்டையும் விளைவித்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு மூட்டையேற்றுவதே செஞ்சிச் சுற்றுப்புறக் கிராமங்களில் பெரும்பாலோரின் ஜீவனமாக இருந்துவந்திருக்க, பிறிதொரு தொழிலைச் சர்க்கார் செலவில் கற்பிக்கும் ஏற்பாடு செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரியின் அடிவாரம்வரை எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது ஆராயத்தக்கது.

இந்த ஏற்பாட்டின் மூலம் இரண்டாம் உலக யுத்தத்தில் இருக்கிறது. படையினின்று விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு ஜீவனோபாயம் தேடித் தரும் பொருட்டு 1945-இல் மத்திய சர்க்கார் நிறுவிய இயக்ககத்திலிருந்தே 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் கிளைத்தது. இவ்வேற்பாடுகளை ஆராய்ந்த சிவராவ் கமிட்டியின் சிபாரிசையொட்டி, பயிற்சி நிலையங்களின் அன்றாட நிர்வாகம் 1956 நவம்பர் முதல் ராஜ்ய சர்க்கார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் ஐ.டி.ஐ. எனப்படும் இந்நிலையம் பள்ளிப் படிப்பை ஓரளவேனும் முடித்த நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டிய அளவு, ஏர் பிடித்தவன் மகனுக்கு எட்டவில்லை.

அக்குறையை நீக்கும் நோக்கத்துடன் 1979 ஆகஸ்டு 15-இல் பிறந்த 'டிரைசெம்' என்னும் கிராம இளைஞர் சுயவேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டமே வட்டாரத்தை அலகாகக் கொண்டது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் கிராம இளைஞர், வட்டாரம் ஒன்றுக்கு நாற்பது பேர் என்பது டெல்லியில் வகுத்த கணக்கு. பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஏழைக் குடும்பத்தினரை வட்டார வளர்ச்சி அலுவலரின் பொறுப்பில் தேர்ந்தெடுத்து, நிலையங்களிலோ தேர்ந்த உள்ளூர்த் தொழிலாளியின் பட்டறையிலோ சேர்த்து, உபகாரச் சம்பளமும் கருவிகளும் கொடுத்து, பின்னர் வங்கிக் கடனுக்கு வழி செய்வது அதன் முறை. உள்ளூர்த் தையற்காரரையும் மெக்கானிக்கையும் குருவாக ஏற்றுக்கொண்டது, என் அபிப்பிராயத்தில், பின்வந்த எத்திட்டத்திலும் காணாத சிறப்பு. ஆனால் நாற்பது என்ற எண்ணை நிரப்புவதே உத்தியோகஸ்தரின் கவலையானபோது, உபகாரச் சம்பளம் நின்றதும் ஊசியை வைத்துவிட்டுக் கழனிக்குத் திரும்பியவர் நாடெங்கும் பலர். கடன் கொடுக்க வேண்டிய வங்கிக்கோ ஆள் தேர்வில் பெரிய அக்கறை இருந்ததில்லை. செஞ்சிக்கு மேற்பார்வைத் தலைமையும் அருகில் இல்லை. 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் தனி ஜில்லாவாகும்வரை, செஞ்சிக் காகிதங்கள் ஜில்லாத் தலைநகரான கடலூருக்கே போய் வர வேண்டியிருந்தது.

1999 ஏப்ரலில் டிரைசெம் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் கரைந்தது. தனி இளைஞன் இருந்த இடத்தில் சுய உதவிக் குழு அமர்ந்தது. 2014-இல் வந்த தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இதனினும் பெரிய மாறுதலைச் செய்தது: கற்பிக்கும் பொறுப்பு ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போயிற்று. பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு எழுபது பேருக்கேனும் வேலை வாங்கித் தர வேண்டும் என்றும், தொகையை 25, 50, 15, 10 விழுக்காடெனத் தவணையாகவே பெற வேண்டும் என்றும் அத்திட்டம் நிபந்தனைகளை விதித்தது. வேலை கொடுத்ததைக் காட்டினாலன்றிப் பணம் முழுதும் கைக்கு வாராதாகையால், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள் எதை வேண்டுகின்றனவோ அதைக் கற்பிப்பதே நிறுவனத்திற்கு லாபம். சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோர்க்கு முன்னோடி வங்கி நடத்தும் பயிற்சி நிலையம் உண்டெனினும், அதற்கும் விழுப்புரத்துக்கே பஸ் ஏற வேண்டும்.

இன்று 'இளைஞர் திறன் திருவிழா' என்ற பெயரில் வட்டாரந்தோறும் கூட்டம் கூட்டி, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் நகல்களைச் சரிபார்த்துப் பெயர் பதிந்தனுப்புவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் வேலை. எந்தத் தொழிலை எவர் கற்பிப்பது என்பது அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை.