ஊற்றுத் தண்ணீரும் கல்லடைப்பும்

கோடை வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஊற்றுத் தோண்டுவார்கள். மணலில் குழி பறித்து, அடியில் கசியும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். கலங்கிவிட்டால் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்த தண்ணீரை யாருக்குத்தான் தாராளமாகக் குடிக்க மனம் வரும்? உப்பளத்திலும் பனங்காட்டிலும் வேர்வை கொட்ட உழைக்கிற உடம்புக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிவாகும். அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகும்.

இந்த நோய்க்குத் தமிழ் வைத்தியம் வைத்த பெயர் கல்லடைப்பு. சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் கொடுப்பார்கள். நண்டின் புதைபடிவமான நண்டுக்கல்லைப் புடமிட்டுப் பற்பமாகவும் தருவார்கள். பொங்கலுக்கு வேப்பிலையோடு காப்புக் கட்டுகிறோமே, அந்தச் சிறுபீளைதான்.

சின்னக் கற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். இறங்காத கல்தான் காலங்காலமாக மருத்துவர்களைச் சோதித்தது. சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கும் பண்டைய ஆயுர்வேத மருத்துவர் சுசுருதர், அறுக்காவிட்டால் சாவு நிச்சயம், அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம் என்று எச்சரிக்கிறார். சிறுநீரகக் கல்லுக்கு விலாவோரம் நீளமாகக் கிழித்துத் திறப்பது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதிவரை வழக்கத்தில் இருந்தது.

1976இல் ஸ்வீடன் மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகில் சிறு துளையிட்டு, அதன் வழியே கல்லை எடுத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். நான்கே ஆண்டில், 1980 பிப்ரவரியில், ஜெர்மனியின் மியூனிக்கில் டாக்டர் கிறிஸ்தியன் ஷௌஸி கத்தியே இல்லாமல் கல்லை உடைத்துக் காட்டினார். டோர்னியர் என்ற விமான நிறுவனத்தின் ஆய்வில் பிறந்த கருவி அது. நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தி, வெளியிலிருந்து அதிர்வலைகளைக் கல்லின்மேல் குவித்தார்கள். பிறகு லேசர் வந்தது. மெல்லிய வளையும் குழாய் சிறுநீர்ப் பாதை வழியாகவே சிறுநீரகத்துக்குள் போய் லேசரால் கல்லைப் பொடியாக்குகிறது.

மூன்றில் எது நல்லது? அதைக் கல்தான் தீர்மானிக்கும். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கும், மான்கொம்புபோல் கிளைவிட்ட கல்லுக்கும் முதுகுத் துளையே முதல் தேர்வு. ஆனால் ரத்தக்கசிவு அபாயம் அதில் கூடுதல். அதைவிடச் சிறியதற்கு அதிர்வலையோ லேசரோ போதும். கல் மிகக் கெட்டியாக இருந்தாலும், சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் கிடந்தாலும் அதிர்வலை அவ்வளவாகக் கைகொடுக்காது; அடிப்பகுதியில் உடைந்த தூள் அங்கேயே தங்கிவிடும்.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். அதுவரை இப்படிப் பெரிய வைத்தியம் என்றால் சாயல்குடிக்காரர்கள் பலர் நூறு கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு பஸ் ஏறினார்கள்.

விலாவில் வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் கஷாயம் போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கல் எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது, எவ்வளவு கெட்டி என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த முறையில் எடுத்தாலும் கல் திரும்ப வரக்கூடும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதே அதற்குத் தடுப்பு.