பில்லி சூனிய நம்பிக்கை: நெய்வேலி வட்டாரம்

பில்லி, சூனியம், ஏவல், செய்வினை, வைப்பு எனப் பல பெயர்களில் வழங்கும் நம்பிக்கை, நெய்வேலி அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஆழ வேரோடியது. பகை கொண்டவர் மந்திரவாதிக்குக் காசு கொடுத்து, ஒருவரின் காலடி மண்ணையோ தலைமுடியையோ வைத்து நோயும் தொழில் முடக்கமும் ஏவ முடியும் என்பது இதன் சாரம். சோற்றில் கலந்து கொடுத்து ஆளை மயக்குவதாகச் சொல்லப்படும் இடுமருந்தும் இதில் சேரும்.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கத்துக்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. நம்பிக்கை கலையவில்லை. வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது, திருஷ்டிக்குப் பூசணி உடைப்பது எல்லாம் மற்ற தொழில் நகரங்களைப் போல இங்கும் உண்டு.

சூனிய நம்பிக்கை எங்கும் ஒரே வடிவில் இல்லை. ஜார்க்கண்டில் ஒரு பெண்ணையே சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்துக் கொல்லும் கொடுமை நடக்கிறது. அதைத் தடுக்க அங்கே 2001 முதல் தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் தமிழ் வழக்கில் சந்தேகம் பெரும்பாலும் மந்திரவாதியின் மேல் விழுவதில்லை, அவனுக்குக் காசு கொடுத்தவர் மேல் விழுகிறது. அவர் பங்காளியாகவோ ஓரகத்தியாகவோ வரப்புத் தகராறுக்காரராகவோ இருப்பார். யார் வைத்தது என்று குறி கேட்கப் போன வீட்டில் உறவு முறிவதுதான் இந்த நம்பிக்கையின் முதல் சேதம்.

சூனியத்தோடு சேர்த்துப் பேசப்படும் பேய் நம்பிக்கையின் கதை மரபு, பேயோட்டும் சடங்கில்தான் முழு உருக் கொள்கிறது. செஞ்சிப் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், 2000இல் வெளியான நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். அகாலமாகச் செத்த ஆணின் ஆவி புதுமணப் பெண்ணைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. பம்பை மேளக்காரர்கள் மேளம் அடித்துப் பாடி, நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய் என்று கேட்பார்கள். பேய் தன் கதையை அவள் வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் அவள் கல்லைச் சுமந்து புளியமரத்துக்கு ஓடுவாள். அவளுடைய முடிக்கற்றை மரத்தில் ஆணியால் அறையப்படும். பெண்ணின் மனக்குறையைத் தீர்ப்பதைவிட அவளைக் கணவனிடம் திருப்புவதே இச்சடங்கின் குறி என்பது நபோகோவின் வாதம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை இரவுகளில் பேய், சூனியம் நீங்க வேண்டி இன்றும் கூட்டம் திரள்கிறது.

மனநோயைச் சூனியமாகக் கொள்வதன் கொடிய விளைவு, 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தெரிந்தது. அங்குள்ள தர்காவை அண்டி நடந்த மனநோயாளிகள் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. தர்காவுக்கு வேண்டிக்கொள்ள வருவோருக்கு மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்யும் ‘தவா-துவா’ திட்டம் பிற்பாடு ஏர்வாடிக்கு வந்தது.