கண்ணைக் கொத்தாத பாம்பு

"கண்ணை மூடுறா!" என்று பெரியப்பா கத்தினார். வேலியில் நான் கோவைக்கொடி என்று நினைத்திருந்த ஒன்று நகர்ந்தது. எனக்கு அப்போது ஏழு வயசு. விரலிடுக்கில் பார்த்தேன். சுண்டுவிரல் பருமன், இலைப்பச்சை, ஊசி மாதிரி மூக்கு. அப்புறம் பெரியப்பாவின் மூங்கில் கழி. அவ்வளவுதான்.

கண்கொத்திப் பாம்பு. அந்தப் பெயர்தான் அதற்கு வினை.

சிங்களத்தில் இதற்கு அஹெட்டுல்லா என்று பெயர். அங்கேயும் பொருள் அதேதான், கண்ணைக் கொத்துவது. அந்தச் சொல் எப்படியோ ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, 1758இல் லின்னேயஸின் புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் அவர் அஹெட்டுல்லா என்று பெயரிட்ட பாம்பு இன்று தென் அமெரிக்காவின் கிளிப்பாம்பு! இலங்கைப் பெயரோடு அமேசான் காட்டில் திரிகிறது. (அனகோண்டாவுக்கும் இதே கதை. 1693இல் ஜான் ரே அச்சிட்ட பட்டியலில் அது இலங்கைப் பாம்பின் பெயர்.) 1807இல் லிங்க் என்ற ஜெர்மானியர் அஹெட்டுல்லா என்பதைப் பேரினப் பெயராக்கினார். நம் பாம்புகள் இன்று அந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன.

குழப்பம் அதோடு தீரவில்லை. இலங்கைப் பாம்பும் நம்மூர்ப் பாம்பும் ஒன்றே என்று நினைத்து, இரண்டையும் நெடுங்காலம் 'நசூட்டா' என்றே எழுதிவந்தார்கள். 2020இல் இந்திய ஆய்வாளர்கள் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, நசூட்டா இலங்கைக்கு மட்டும் உரியது என்றார்கள். நம் சமவெளிப் பாம்புக்கு 1825இல் தாமஸ் பெல் வைத்து, பிறகு ஓரங்கட்டப்பட்ட 'ஆக்ஸிரிங்கா' என்ற பெயர் திரும்பி வந்தது. கூர்மூக்கன் என்று அர்த்தம். பழைய கோடில் யாரோ கமென்ட் போட்டு மூடிவைத்த வரிதான் சரியானது என்று கண்டுபிடிக்கும் நாள் எனக்கு அலுவலகத்தில் வாய்ப்பதுண்டு. அந்தச் சந்தோஷம் இங்கேயும் வந்தது.

சரி, கண்ணைக் கொத்துமா? இதற்கு விஷம் உண்டு, மிக லேசானது. விஷப்பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது. ஓணான், பல்லி, தவளை, சின்னக் குருவி போதும் அதற்கு. மிரண்டால் உடம்பை உப்பி, செதிலிடுக்கில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டி, வாயைப் பிளந்து பாயும். நம் முக உயரத்துக் கிளையில் அது இருந்தால், பாய்ச்சல் எங்கே வரும்? நம்பிக்கை அங்கிருந்து முளைத்திருக்கும் என்பது என் ஊகம்.

உண்மையில் அதிசயம் அதன் கண்தான். பாவை வட்டமில்லை, படுக்கைவாட்டில், சாவித்துளை மாதிரி. மூக்கின் இருபுறமும் பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் நேரே முன்னால் பார்க்கும், தூரத்தைக் கணிக்கும். காற்றில் ஆடும் குச்சி போல லேசாக அசைந்துகொண்டே பல்லியை நெருங்கும். பகல் வேட்டைக்காரன். முட்டையிடாது, குட்டிதான் போடும். 'கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டிருக்கான்' என்று சொல்கிறோமே, அதைச் சொன்னவன் நின்று கவனித்திருக்கிறான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முருங்கையில் ஒன்று கிடந்தது. பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். துண்டை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"எல்லாம் சரிடா. அதுக்கு இது தெரியுமா?"

கழியை எடுக்கவில்லை. துண்டையும் ஏற்றவில்லை.