முத்துக்குளித்துறையில் சமயங்களின் உறவு

உலகப் பெருஞ்சமயங்கள் யாவும் ஓர் ஊற்றினின்று பிறந்தவையா, அன்றித் தனித்தனியே தோன்றிப் பிற்காலத்தில் ஒன்றோடொன்று கலந்து உறவாடியவையா என்னும் வினா, இறையியல் மாணவரிடையே ஆண்டுதோறும் எழுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் போன்ற அறிஞர்கள் மொழிகளின் வேர்களையும் பழைய மறைநூல்களையும் ஒப்பிட்டு இதற்கு விடைகாண முயன்றனர். அந்நூல்களைக் கற்பது நன்றே. எனினும், நம் அருகிலேயே, கொற்கையையும் காயலையும் தூத்துக்குடியையும் மணப்பாட்டையும் உள்ளடக்கிய முத்துக்குளித்துறையில், இவ்வினாவைக் கல்லிலும் சொல்லிலும் கடல்தொழிலிலும் வைத்து ஆராய இடமுண்டு.

கொற்கையின் பழமை நாம் அறிந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலாகிய ‘பெரிப்புளூஸ்’ அங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகின்றது. இடையன்குடியில் ஊழியம் புரிந்த கால்டுவெல் அத்தியட்சர், பழைய காயலே மார்க்கோ போலோ கூறிய துறைமுகம் எனக் கண்டதோடு, அங்கே சீன, அராபியப் பாண்டங்களின் ஓடுகள் மண்ணில் கிடப்பதையும் எடுத்துக்காட்டினார். பொருள்கள் வந்த வழியே சமயங்களும் வந்தன என்பதற்கு அவ்வோடுகளே சான்று.

கடலிலிருந்து உள்நாடு சென்றால் கழுகுமலை. 8ஆம் நூற்றாண்டளவில் சமணர் அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கினர். சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடத்திற்குத் தமிழில் ‘பள்ளி’ என்று பெயர். அவர்கள் அங்குப் பாடம் சொன்னமையால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று என்பர். பின்னர் அராபியரோடு இசுலாம் வந்தபோது, அவர்தம் தொழுமிடத்திற்கு வேற்றுச்சொல் தேடப்படவில்லை, அதுவும் பள்ளியே. காயற்பட்டினத்துப் பள்ளியொன்று, வேணாட்டு மன்னன் பெயரால் ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என வழங்கியதைக் கல்வெட்டு கூறுகின்றது. சமணர் சொல், இந்து மன்னன் பெயர், இசுலாமியர் ஆலயம்: இம்மூன்றும் ஒரே தொடரில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. நோன்பு, தொழுகை என்னும் சொற்களின் வரலாறும் இத்தகையதே.

ஆயினும், இவ்வுறவு எப்போதும் இனிதாக இருந்ததென்று நாம் எண்ணிவிடலாகாது. இக்கரையில் கிறிஸ்தவம் வேரூன்றியதே ஒரு பூசலின் விளைவாகத்தான். முத்துக்குளிப்பின் ஆதிக்கம் பற்றிப் பரவருக்கும் இசுலாமிய வணிகருக்கும் மூண்ட கடும் மோதலில், பரவர் குதிரை வணிகராகிய ஜோவான் தெ குரூஸ் என்பவரின் ஆலோசனைப்படி கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் தூது சென்றனர். 1535 முதல் 1537 வரை பெருந்திரளானோர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, தமிழில் பெயர்த்த ஜெபங்களை மனப்பாடம் செய்து கற்பித்தார். திருமுழுக்கு முந்தியது, போதனை பிந்தியது. திருச்சபை வரலாறு கற்பிக்கும் நாம் இவ்வரிசையை மறைக்க வேண்டுவதில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குவோம். கிறிஸ்தவமும் இசுலாமும் உண்மையாகவே பொது மூலம் உடையவை. இரண்டும் ஆபிரகாமைத் தகப்பன் என்கின்றன. இரண்டும் ஒரே தேவனை அறிக்கையிடுகின்றன. அப்படியிருந்தும் அப்பொது மூலம் இக்கரையில் ஒரு பூசலையேனும் தணித்ததாகத் தெரியவில்லை. மாறாக, பகைத்த இரு சாராரையும் ஒரே பாருக்கு அழைத்துச் சென்றது தொழில். ஒல்லாந்தர் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின் நடந்த சலாபங்களில் உரிமைகள் ‘கல்’ என்னும் அலகால் கணக்கிடப்பட்டன. மூழ்குபவர் ஆழத்திற்கு இறங்கத் துணையாகும் கல்லே அது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரவரின் பட்டங்கட்டிகளுக்கும் காயற்பட்டினத்து இசுலாமியத் தலைவருக்கும் தனித்தனியே கற்கள் இருந்தன. சமயம் கரையிலே பிரித்தவர்களைக் கடல் ஒரே கணக்கில் எழுதிற்று.

இதனினும் வியப்பானது கடல்கட்டியின் வரலாறு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் ‘கடல்கட்டி’ எனப்பட்டார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இம்மந்திரத்தைப் பிராமணர் செய்தனர் என்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு பெற்றனர் என்றும், மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் கூறுகின்றார். நூற்றாண்டுகள் கழிந்தன, மூழ்குவோரில் பெரும்பாலார் கத்தோலிக்கரும் இசுலாமியருமாயினர், ஆனால் கடல்கட்டி போகவில்லை. இக்கரையிலிருந்து மூழ்குவோர் பலர் சென்ற எதிர்க்கரை இலங்கைச் சலாபத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய எமர்சன் டென்னன்ட், பரம்பரைக் கடல்கட்டிக் குடும்பத்தின் அந்நாளையத் தலைவர் ஓர் உரோமன் கத்தோலிக்கர் என்றும், அவர் சார்ந்த சமயம் மந்திரத்தின் வலிமையைக் குறைப்பதாக எவரும் கருதவில்லை என்றும் குறித்துள்ளார். இதனை மூடநம்பிக்கை என்று கூறி மேற்செல்வது எளிது. நாம் கரையில் நின்று கூறுகிறோம்; சுறா இருந்தது கடலில்.

ஒல்லாந்தரோடு வந்த சீர்திருத்தச் சபைப் போதகர் பல்தேயுஸ், பரவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்று தோல்வியுற்றார். சொரூபங்களை அவர்கள் விடவில்லை. 1806இல் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் ஓடியது. தேர் என்னும் அமைப்பு எங்கிருந்து வந்தது என்று கூற வேண்டியதில்லை.

இது பிறர் கதை என்று எண்ணும் மாணவர் நம் சபையின் சொற்களைச் சற்றே ஆராய்வாராக. இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்து 1600இல் மறைந்த என்றிக்கே என்றிக்கசு அடிகள், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூலுக்குத் ‘தம்பிரான் வணக்கம்’ எனப் பெயரிட்டார். தம்பிரான் சைவர் வழங்கிய சொல். 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்து அவைப்புலவர் உமறுப்புலவர், நபிகள் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டிற்குத் தமிழ்க் காப்பியத்தின் ஆறும் வயலும் வந்தன. ‘பராபரம்’ என்னும் சொல்லோ இன்னும் நெடுந்தொலைவு சென்றது. 18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார்; அந்நூற்றாண்டிலேயே லுத்தரன் ஊழியராகிய பப்ரீஷியஸ் தம் வேதாகம மொழிபெயர்ப்பில் கடவுளுக்குப் ‘பராபரன்’ என்று எழுதினார்; அடுத்த நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். மூவரும் ஒரே பொருளில் கூறினர் என்று நாம் சொல்லோம். பப்ரீஷியஸின் பராபரன் சிலுவையில் அறையப்பட்டவரின் பிதா; தாயுமானவரின் பராபரம் அதுவன்று. ஆனால் மூவருக்கும் வாய்த்த தமிழ் ஒன்றே.

1871ஆம் ஆண்டின் திருப்புதல் ‘தேவன்’ என்னும் சொல்லைக் கொண்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. புறச்சமயச் சொற்களைப் பிரசங்க பீடத்திலிருந்து அகற்ற வேண்டுமென்று சிலர் வாதிடக் கேட்கிறோம். அவ்வாறு தொடங்கினால் ஜெபம், உபவாசம், ஆராதனை, வேதம் யாவும் போய்விடும். எல்லாச் சமயமும் வேரில் ஒன்றே என்போரோ, இக்கடலில் சிந்திய இரத்தத்திற்கு விடை கூறுவதில்லை. தமிழ் இசுலாமியர் குர்ஆனைத் ‘திருமறை’ என்கின்றனர். நாமும் நம் வேதாகமத்தைத் திருமறை என்று கூறி வாசிக்கிறோம். நான்மறை வழிபட்டதாகச் சைவர் கூறும் வேதாரணியத்தின் பழந்தமிழ்ப் பெயர் திருமறைக்காடு.